நெட் வரவில்லை என்றால் முதலில் எந்த விளக்கைப் பார்ப்பது?

பாளையங்கோட்டையிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் வீடுகளுக்கு ஃபைபர் இணைப்புக் கொடுப்பதும், கெட்டுப்போனால் போய்ச் சரிசெய்வதும் என் தொழில். எனக்கு வரும் புகார்களில் பெரும்பாலானவை ஒரே வரிதான்: "தம்பி, வைஃபை வரவில்லை." தெருமுனைக் கம்பத்தில் அறுந்த கம்பி, மேசைக்குப் பின்னால் கழன்ற ஒயர், கட்டாமல் விட்ட சந்தா என்று எதுவும் அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கலாம். எது என்று தெரியாததால், பலர் உடனே கடைக்குப் போய்ப் புது ரவுட்டர் வாங்கிவிடுகிறார்கள். இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் போன பிறகும் பழுது அப்படியே இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இணையம் உங்கள் கைப்பேசிக்கு வந்துசேரும் பாதையை நான்கு துண்டுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சேவை நிறுவனத்திலிருந்து உங்கள் வீட்டுச் சுவர்வரை வரும் ஃபைபர் முதல் துண்டு. அந்த ஃபைபர் வழியே உங்கள் கணக்கு திறப்பது இரண்டாவது. பெட்டியிலிருந்து கைப்பேசி, கணினி, டிவி வரை மூன்றாவது. நிறுவனத்துக்கு அப்பால் இருக்கும் உலகம் நான்காவது. ஓ.என்.டி., பிபிபிஓஇ, ஐ.பி. முகவரி, டி.என்.எஸ். என்று நாங்கள் சொல்லும் சொற்கள் ஒவ்வொன்றும் இவற்றில் ஏதோ ஒரு துண்டைச் சேர்ந்தவை. சொல் எந்தத் துண்டைச் சேர்ந்தது என்று தெரிந்துவிட்டால், பழுது எங்கே என்பதும் பாதி தெரிந்துவிடும்.

மோடம் என்று நாம் சொல்லும் பெட்டி

தொலைபேசிக் கம்பி மனிதக் குரலுக்காகப் போடப்பட்டது. கணினியின் எண்களை அந்தக் கம்பி தாங்கும் ஒலியாக மாற்றி அனுப்பி, எதிர்முனையில் ஒலியை மறுபடியும் எண்களாக மாற்றிய கருவிதான் மோடம். 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. அதற்குப் பின் வீடுகளுக்கு வந்த டயல்-அப் மோடங்களின் கீச்சொலி பலருக்கு இன்னும் காதில் இருக்கும். அவற்றின் உச்ச வேகம் நொடிக்கு 56 கிலோபிட். நெட் ஓடும்போது தொலைபேசியில் பேச முடியாது. அடுத்து வந்த ஏ.டி.எஸ்.எல்., அதே செம்புக் கம்பியில் குரலுக்கு மேலே காலியாகக் கிடந்த அலைவரிசைகளைப் பிடித்துக்கொண்டது. பேச்சும் நெட்டும் ஒரே நேரத்தில் நடந்தன. ஆனால் எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு தள்ளிப்போகப் போக வேகம் இறங்கிவிடும்.

இன்று உங்கள் சுவரில் இருப்பது ஃபைபர் பெட்டி. அதன் பெயர் ஓ.என்.டி.; எங்கள் தொழிலில் ஓ.என்.யு. என்றும் சொல்வோம். கண்ணாடி இழை வழியாக வரும் ஒளியை மின்குறிகளாக மாற்றுவது அதன் வேலை. ஒரே இணைப்பை வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் பங்கிட்டுக் கொடுப்பது ரவுட்டரின் வேலை. கம்பியில்லாமல் கைப்பேசிக்குக் கொண்டுசேர்ப்பது வைஃபை. மூன்றும் தனித்தனி வேலைகள். இப்போதெல்லாம் மூன்றையும் ஒரே பெட்டிக்குள் வைத்துக் கொடுத்துவிடுவதால், எல்லாவற்றுக்கும் "மோடம்" என்ற ஒரே பெயர் நிலைத்துவிட்டது. அப்படி அழைப்பதில் ஒரு தவறும் இல்லை. பழுது பார்க்கும்போது மட்டும் மூன்றையும் மனதுக்குள் பிரித்துக்கொள்ளுங்கள்.

பான் விளக்கு, லாஸ் விளக்கு

பெட்டியின் முகப்பில் வரிசையாக விளக்குகள் இருக்கும். அவற்றில் முதலில் பார்க்க வேண்டியவை பான், லாஸ் என்று நாங்கள் சொல்லும் இரண்டு. பெட்டியில் ஆங்கிலத்தில் PON, LOS என்று அச்சிட்டிருக்கும். பான் அசையாமல் பச்சையாக எரிந்து, லாஸ் அணைந்திருந்தால் முதல் துண்டு நலம். பான் விட்டுவிட்டு மினுக்கினால், உங்கள் பெட்டி நிறுவனத்தின் தலைமைக் கருவியிடம் தன்னைப் பதிவு செய்ய முயன்றுகொண்டிருக்கிறது. லாஸ் சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ ஒளி வரவில்லை, அல்லது போதுமான அளவு வரவில்லை என்று பொருள். புது ரவுட்டர் வாங்கினால் இது தீராது.

நிறுவனத்தின் அலுவலகத்தில் ஓ.எல்.டி. என்ற கருவி இருக்கிறது. அதிலிருந்து கிளம்பும் ஒரு ஃபைபர், தெருவில் கம்பத்தில் தொங்கும் கறுப்புப் பெட்டிக்குள் உள்ள ஸ்ப்ளிட்டருக்கு வருகிறது. ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரம் வேண்டாம். ஒரு ஒளிக்கற்றையை 8, 16, 32 என்று பிரித்து வீடுகளுக்கு அனுப்பும். பரவலாக உள்ள ஜிபான் முறையில் அந்த ஒரு ஃபைபரில் உள்ளே வருவதற்கு மொத்தம் நொடிக்கு ஏறத்தாழ 2.5 ஜிகாபிட், வெளியே போவதற்கு 1.25 ஜிகாபிட். அந்த ஸ்ப்ளிட்டரில் இருக்கும் எல்லா வீடுகளும் இதைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. இரவு எட்டு மணிக்குமேல் எல்லோரும் படம் பார்க்க உட்காரும்போது வேகம் இறங்குவதற்கு இந்தப் பகிர்வும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஒளி எவ்வளவு வருகிறது என்பதை டி.பி.எம். என்ற அலகில் அளக்கிறோம். பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் (அதைத் திறக்கும் வழியைப் பின்னால் சொல்கிறேன்) "ஆர்.எக்ஸ். பவர்" என்ற வரியில் இந்த எண் இருக்கும். எப்போதும் கழித்தல் குறியோடுதான் வரும். −18 முதல் −24 வரை இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். −27 என்பது ஜிபானில் பரவலாக உள்ள வகைப் பெட்டிகள் தாங்கும் கடைசி எல்லை. அதற்குக் கீழே இறங்கினால் இணைப்பு வரும், போகும், மறுபடி வரும். ஒவ்வொரு 3 குறையும்போதும் ஒளி பாதியாகிறது என்பதை நினைவில் வையுங்கள். −21க்கும் −27க்கும் இடையில் ஒளி கால்பங்காகிவிடுகிறது.

பெட்டிக்கும் சுவருக்கும் இடையே உள்ள மெல்லிய மஞ்சள் ஒயர் பேட்ச் கார்டு. அதனுள்ளே ஒளி ஓடும் நடுப்பகுதியின் விட்டம் 9 மைக்ரான்தான். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. ஒயரை இறுக்கி மடித்தால் வளைவில் ஒளி வெளியே கசிந்துவிடும். ஒரு ஆச்சியின் வீட்டில் நெட் அடிக்கடி நின்றுகொண்டிருந்தது. வெளியூரில் இருக்கும் மகன் இரண்டு ரவுட்டர்கள் வாங்கி அனுப்பியிருந்தார். போய்ப் பார்த்தால், பீரோவை நகர்த்தியபோது அதன் கால் மஞ்சள் ஒயர்மேல் ஏறியிருந்தது. அளவு −29. பீரோவைத் தூக்கி, ஒயரை அகலமான வளையமாகச் சுற்றி ஆணியில் மாட்டியதும் −21க்கு வந்தது. "இவ்வளவுதானா தம்பி?" என்று ஆச்சி கேட்டார். அவ்வளவுதான்.

பேட்ச் கார்டின் முனையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பச்சை நிற முனை என்றால், உள்ளே இருக்கும் கண்ணாடியின் முகம் 8 டிகிரி சாய்வாகத் தீட்டப்பட்டது. நீல முனையில் அந்தச் சாய்வு இல்லை. பச்சையை நீலத்தில் செருகினால் உள்ளே போய் உட்கார்ந்துவிடும், ஆனால் இரண்டு முகங்களும் ஒட்டாமல் நடுவில் இடைவெளி விழுந்து ஒளி வீணாகும். கடையில் புது ஒயர் வாங்கும்போது பழைய ஒயரின் இரண்டு முனைகளின் நிறத்தையும் பார்த்து அதேபோல வாங்குங்கள். முனையை விரலால் தொடாதீர்கள், சட்டையில் துடைக்காதீர்கள், வாயால் ஊதாதீர்கள். மூச்சின் ஈரமே படலமாகப் படிந்துவிடும். பஞ்சு உதிராத துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு ஒரே திசையில் ஒருமுறை துடைத்தால் போதும். இதைவிட முக்கியமான ஒன்று: ஒளி வருகிறதா என்று முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவே கூடாது. உள்ளே வருவது 1490 நானோமீட்டர் லேசர். அது கண்ணுக்குத் தெரியாது, ஆனாலும் கண்ணைக் கெடுக்கக்கூடியது. குழந்தைகள் இருக்கும் வீடுகளில் முனைக்குத் தூசிமூடி போட்டு வையுங்கள்.

ஒயர் மடங்கவில்லை, முனை சுத்தம், ஆனாலும் லாஸ் சிவப்பு என்றால் பழுது வெளியே. வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்து, "லாஸ் சிவப்பாக எரிகிறது, பான் அணைந்திருக்கிறது, பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட்டுவிட்டேன்" என்று சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியம் சொன்னால், ஒளியை அளக்கும் பவர் மீட்டரும் அறுந்த ஃபைபரை ஒட்டும் ஸ்ப்ளைசிங் கருவியும் எடுத்துக்கொண்டு ஆள் வருவார். "வைஃபை வரவில்லை" என்று மட்டும் சொன்னால், கடவுச்சொல்லை மாற்றிப் பாருங்கள் என்பார்கள்.

பான் பச்சை, ஆனால் இன்டர்நெட் விளக்கு சிவப்பு

இது இரண்டாவது துண்டு. ஒளி நன்றாக வருகிறது, கணக்கு திறக்கவில்லை. பல நிறுவனங்கள் பிபிபிஓஇ என்ற முறையைப் பயன்படுத்துகின்றன. உங்கள் பெட்டி ஒரு பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் நிறுவனத்திடம் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். இது உங்கள் வைஃபை கடவுச்சொல் அல்ல. முதல் காரணம் எளியது: சந்தா முடிந்திருக்கலாம். பாருங்கள்.

இரண்டாவது காரணம்தான் நான் அடிக்கடி சந்திப்பது. பெட்டியின் பின்னால் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். அதற்குள் ஊசியை விட்டுச் சில நொடிகள் அழுத்தினால் பெட்டி தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குப் போய்விடும். பிபிபிஓஇ பெயர், கடவுச்சொல், நிறுவனம் தன் இணைப்புக்குக் கொடுத்திருக்கும் விலேன் எண் எல்லாம் அழிந்துவிடும். அதன் பெயர் ரீசெட். ஸ்விட்சை அணைத்து அரை நிமிடம் கழித்துப் போடுவது ரீஸ்டார்ட். ரீஸ்டார்ட் எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம். ரீசெட்டைத் தொடவே வேண்டாம். இணைப்புக் கொடுக்க வருபவரிடம் அன்றைக்கே பிபிபிஓஇ விவரத்தைக் கேட்டு வாங்கி, ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் அடியில் ஒட்டி வையுங்கள். கொடுக்க மறுத்தால் விடாமல் கேளுங்கள். அது நீங்கள் காசு கொடுத்து வாங்கும் இணைப்பின் சாவி.

வீட்டுக்குள்ளே

ரவுட்டர் வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண் கொடுக்கிறது. 192.168.1.5 என்பது போல இருக்கும் அது ஐ.பி. முகவரி. தானாகக் கொடுக்கும் ஏற்பாட்டின் பெயர் டி.எச்.சி.பி. ரவுட்டரின் சொந்த முகவரி பெரும்பாலும் 192.168.1.1, அதைக் கேட்வே என்பார்கள். பிரவுசரில் இந்த எண்ணைத் தட்டினால் மேலே சொன்ன அமைப்புப் பக்கம் திறக்கும். கணினியில் உங்கள் முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடம் எண் கேட்டுக் கிடைக்காமல் கணினியே தனக்கு ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். உடனே ஒயரையும் ரவுட்டரையும் பாருங்கள். மேக் முகவரி என்பது வேறு. கருவியின் நெட்வொர்க் சில்லுக்குத் தயாரிப்பாளர் கொடுத்த 12 இலக்க அடையாளம் அது. இப்போதைய கைப்பேசிகள் ஒவ்வொரு வைஃபைக்கும் வேறு மேக் முகவரியைக் காட்டும். அதனால் ரவுட்டரின் பட்டியலில் தெரியாத எண்ணைப் பார்த்தால் உடனே பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகப்பட வேண்டாம்.

வீட்டு வைஃபையில் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகள். 2.4 சுவரைத் தாண்டும், ஆனால் வேகம் குறைவு. அக்கம்பக்கத்து வீட்டு ரவுட்டர்களும் புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே வரிசையில்தான். 5 வேகமானது, ஆனால் எங்கள் ஊர்ப் பழைய வீடுகளின் தடித்த சுவர் இரண்டைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும். 2.4இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11. ரவுட்டரை அலமாரிக்குள் பூட்டாதீர்கள், டிவிக்குப் பின்னால் ஒளிக்காதீர்கள். கூடத்தில் தலைக்குமேல் உயரத்தில் வையுங்கள். மாடிக்கு எட்டவில்லை என்றால், வைஃபையை வாங்கி மறுபடி பரப்பும் ரிப்பீட்டரைத்தான் கடைக்காரர் நீட்டுவார். ஒரே ரேடியோ உள்ள ரிப்பீட்டர், வாங்கியதையே அதே அலையில் திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகிவிடும். ஒரு லேன் கேபிள் இழுத்து மாடியில் ஆக்சஸ் பாயின்ட் என்ற இன்னொரு வைஃபை பெட்டி வைப்பதே நிரந்தரமான வழி.

லேன் கேபிளைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 300 எம்பிபிஎஸ் திட்டம் எடுத்திருப்பவர், கணினியில் எப்போது சோதித்தாலும் 94 அல்லது 95 மட்டுமே வருகிறது என்று நிறுவனத்தோடு சண்டை போடுவார். அந்த எண்ணைக் கேட்டதுமே எனக்குக் கேபிள்மேல் சந்தேகம் வந்துவிடும். லேன் கேபிளுக்குள் ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று நான்கு ஜோடிக் கம்பிகள். 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு அவற்றில் இரண்டு ஜோடி போதும். 1 ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி முறிந்திருந்தால் இணைப்பு நிற்காது. 100க்கு இறங்கி ஓடும். தரவோடு கூடவே போகும் முகவரி போன்ற விவரங்களுக்கு ஆகும் பங்கு போக உங்கள் கைக்கு வருவது அந்த 94, 95. கணினியின் நெட்வொர்க் அமைப்பில் லிங்க் ஸ்பீடு 1000 என்று இருக்கிறதா, 100 என்று இருக்கிறதா பாருங்கள். 100 என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். கேட் 5இ என்று அச்சிட்ட கேபிளே ஜிகாபிட்டுக்கு 100 மீட்டர்வரை போதும். கேபிள் மாற்றியும் 100தான் என்றால், பெட்டியின் லேன் போர்ட்டே 100 வகையைச் சேர்ந்ததாக இருக்கலாம். அப்போது மட்டும் புது ரவுட்டர் வாங்குவதில் நியாயம் இருக்கிறது.

வேகம் என்ற கணக்கு

திட்டத்தில் எழுதியிருக்கும் 100 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 100 மெகாபிட். கணினி கோப்பை இறக்கும்போது காட்டுவது மெகாபைட். எட்டு பிட் ஒரு பைட். ஆகவே 100 எம்பிபிஎஸ்ஸில் நொடிக்கு 12.5 மெகாபைட் வந்தால் உங்களுக்கு முழு வேகமும் கிடைக்கிறது, யாரும் ஏமாற்றவில்லை.

வேகம் நிறைய இருந்தும் வீடியோ அழைப்பு திக்கினால் லேட்டன்சியைப் பாருங்கள். அனுப்பிய சேதிக்குப் பதில் திரும்பிவர ஆகும் நேரம் அது. மில்லிநொடியில் சொல்வார்கள். ஃபைபருக்குள் ஒளியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர். எவ்வளவு விலை கொடுத்தாலும் அதற்குமேல் போகாது. அமெரிக்காவில் உள்ள சர்வரில் விளையாடும் பையனுக்கு 300 எம்பிபிஎஸ் திட்டத்தை 500 ஆக்கினாலும் இந்த நேரம் குறையாது என்று பெற்றோருக்குச் சொல்கிறேன்.

மூன்று பிங்

விளக்குகள் எல்லாம் பச்சை, ஆனாலும் எதுவும் திறக்கவில்லை என்றால் பிங் உதவும். மைக் மூஸ் 1983இல் எழுதிய இந்தச் சிறிய நிரல் இன்றும் என் முதல் கருவி. கணினியில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, பிங் என்று ஆங்கில எழுத்தில் தட்டி, இடம் விட்டு முகவரியைக் கொடுக்க வேண்டும்.

முதலில் 192.168.1.1. பதில் வரவில்லை என்றால் பழுது உங்கள் வீட்டுக்குள்: வைஃபை அல்லது கேபிள். பதில் வந்தால் அடுத்து 8.8.8.8, இது கூகுளின் பொது டி.என்.எஸ். சர்வர். இதற்குப் பதில் இல்லை என்றால் ரவுட்டருக்கு அப்பால் பழுது; நிறுவனத்தை அழையுங்கள். இதற்கும் பதில் வந்தால் மூன்றாவதாக ஏதாவது ஒரு பிரபலமான இணையதளத்தின் பெயரைக் கொடுங்கள். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால், கோளாறு டி.என்.எஸ்ஸில். பெயரை ஐ.பி. எண்ணாக மாற்றித் தருவதுதான் டி.என்.எஸ். அது வேலை செய்யாவிட்டால் இணையம் முழுவதும் இருந்தும் இல்லாதது போலத் தோன்றும். ரவுட்டரின் அமைப்பில் டி.என்.எஸ். என்ற இடத்தில் 8.8.8.8, 1.1.1.1 என்று போட்டுச் சேமித்துவிட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கேமரா வைப்பவர்களுக்கு

வீட்டில் சிசிடிவி வைத்துவிட்டு வெளியூரிலிருந்து பார்க்க நினைப்பவர்களுக்கு இன்னொரு முடிச்சு இருக்கிறது. நாம் இதுவரை பார்த்த, நான்கு எண்களால் ஆன ஐ.பி. முகவரிகளுக்கு ஐபிவி4 என்று பெயர்; உலகில் அவை மொத்தமே ஏறத்தாழ 430 கோடி. உலக அளவிலான கையிருப்பு 2011 பிப்ரவரியில் பங்கிட்டு முடிந்தது. 192.168 என்று தொடங்கும் முகவரிகள் வீட்டுக்குள் மட்டும் செல்லும். வெளியே போகும்போது ரவுட்டர் எல்லாருக்கும் சேர்த்து ஒரே பொது முகவரியைப் போட்டு அனுப்புகிறது. மாணவர் விடுதிக்கு ஒரே தபால் முகவரி இருந்து, உள்ளே வார்டன் அறை பார்த்துப் பிரித்துக் கொடுப்பதைப் போல. இதன் பெயர் நேட். இப்போது பல நிறுவனங்கள் இதையே இன்னொரு அடுக்கு மேலேயும் செய்கின்றன. பல வீடுகள் சேர்ந்து ஒரே பொது முகவரியில் இருக்கும். அது சிஜிநேட்.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வேன் ஐ.பி. என்ற எண்ணைப் பாருங்கள்; நிறுவனம் உங்கள் ரவுட்டருக்குக் கொடுத்த முகவரி அது. 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் நீங்கள் சிஜிநேட்டுக்குள் இருக்கிறீர்கள். 10 என்று தொடங்கினாலும் அது பொது முகவரி அல்ல. அப்போது வெளியிலிருந்து வரும் அழைப்பைக் கேமராவுக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங்கை ரவுட்டரில் எத்தனை முறை போட்டாலும் வெளியிலிருந்து கேமராவை எட்ட முடியாது. கேமரா நிறுவனத்தின் கிளவுட் செயலி வழியாகப் பார்க்கலாம், அல்லது மாதக் கட்டணம் கொடுத்து நிறுவனத்திடம் ஸ்டாடிக் ஐ.பி., அதாவது உங்களுக்கே உரிய மாறாத பொது முகவரி, வாங்கலாம். ஸ்டாடிக் ஐ.பி. வாங்கினால், கேமராவோடு வந்த பழைய கடவுச்சொல்லை முதலில் மாற்றிவிட்டு, அதற்குப் பிறகு போர்ட்டைத் திறங்கள். பொது முகவரியில் திறந்திருக்கும் கருவிகளைத் தேடி உலகம் முழுவதும் தானியங்கி நிரல்கள் ஓயாமல் தட்டிக்கொண்டே இருக்கின்றன. மாற்றாத கடவுச்சொல்லைத்தான் அவை முதலில் போட்டுப் பார்க்கும்.